கொழும்பில் ஆறு மாத இன்டர்ன்ஷிப்: தோட்டத்துப் பிள்ளைகள் போகலாமா?

கேள்வி, 2024 ஜூலை 13

அக்கா, நான் மூன்றாம் வருஷம், தேயிலைத் தொழில்நுட்பம். வர்ற பெப்ரவரியில் எங்கள் பேட்ச்சுக்கு ஆறு மாத இன்டர்ன்ஷிப். கொழும்பில் தரகுக் கம்பனிக்குப் போடச் சொல்லி லெக்சரர் சொல்கிறார். வீட்டில், பண்டாரவளைப் பக்கம் ஒரு ஃபெக்டரியில் செய், வீட்டிலிருந்தே போய் வரலாம் என்கிறார்கள். கொழும்பில் தருகிற அலவன்ஸ் போர்டிங்குக்கே போய்விடும் என்று ஒரு அண்ணா எழுதியிருந்தார். உண்மையா? போகலாமா?

ஜூலை 14

போ தங்கச்சி. அந்த அண்ணா சொன்னதும் உண்மைதான். இரண்டையும் தெரிந்துகொண்டு போ.

நான் இப்போது கொழும்பில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில் இன்டர்ன். ஃபெக்டரிகளின் தேயிலையை மதிப்பிட்டு ஏலத்தில் விற்றுக் கொடுக்கும் இடம். மாத அலவன்ஸ் 25,000. வெள்ளவத்தையில் இரண்டு பேர் தங்கும் அறையில் என் பங்கு 14,000, கரண்ட் பில் தனி. மஹாபொல உதவித்தொகை 5,000 வருகிறது, ஆனால் எந்த வாரம் வரும் என்று நம்பி அரிசி வாங்க முடியாது. மதியம் சோத்துப் பார்சல் 400 ரூபாய்க்கு வாங்கினால் வேலை நாட்களுக்கு மட்டுமே எட்டாயிரத்தைத் தாண்டும். அதனால் இரவே சமைத்து வைத்து, காலையில் கட்டிக்கொண்டு போகிறேன். பயணத்துக்கு ரயில் சீசன். வெள்ளவத்தையில் ஏறிக் கொம்பனித்தெருவில் இறங்கினால் அங்கிருந்து நடைதான். காலி வீதி பஸ்ஸைவிட மலிவு, வேகம், பக்கத்திலேயே கடல்.

ஆக, மாதம் ஓடும். இழுபறியாக ஓடும், ஆனால் ஓடும். கஷ்டம் அதில் இல்லை. அறை எடுக்கிற அன்றைக்கே மூன்று மாத அட்வான்ஸ் கேட்பார்கள். 42,000. அதோடு முதல் மாத வாடகை. அலவன்ஸோ மாதக் கடைசியில்தான் வரும். சம்பாதிக்கத் தொடங்கும் முன்னே அறுபதாயிரம் கையில் இருக்க வேண்டும். தோட்டத்தில் எந்த வீட்டில் அறுபதாயிரம் சும்மா இருக்கிறது? எனக்கு அம்மாவின் சீட்டும் மாமா கொடுத்ததும் சேர்ந்தது. என் பேட்ச்சில் என்னைவிட நன்றாகப் படித்த ஒருத்தி இதனாலேயே விண்ணப்பம் போடவில்லை. எங்கள் பிள்ளைகளைக் கொழும்புக்கு வரவிடாமல் நிறுத்துவது இந்த முதல் மாதம்தான். இதைத் திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு இருக்காதே.

அதே நாள், இரவு

விட்டுப்போனது: கிராம சேவகர் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் இரண்டு மூன்று செட் எடுத்து வை. சில வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். கடிதம் வந்து சேரும் விலாசம் எது என்று கேட்டால் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, தனி விலாசம் இல்லை என்று தயங்க வேண்டாம். தோட்டம், டிவிஷன், தபால் கந்தோர் என்று எழுது. உன் விலாசம் அதுதான்.

ஜூலை 28

போர்டிங் தேடிய கதையைக் கேட்டிருந்தாய்.

முதலில் பார்த்த ஒரு வீட்டில் அறை நன்றாக இருந்தது, வாடகையும் சரி. "எவடம் பிள்ளை?" என்று அந்த அம்மா கேட்டார். ஹப்புத்தளை என்றேன். "டவுனோ, தோட்டமோ?" தோட்டம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பிறகு போன் எடுக்கவே இல்லை. சிங்களவர் வீடாக இருந்திருந்தால் வேறு காரணம் தேடியிருப்பேன். தமிழ் வீடு, யாழ்ப்பாணத்து அம்மா. எனக்கு அது இன்னும் வலிக்கிறது. கொழும்பில் எங்களை வேலைக்காரப் பிள்ளைகளாகவும் கடைப் பையன்களாகவும் பார்த்துப் பழகிய கண்களுக்கு, வாடகை கொடுத்துத் தங்க வருகிற எங்களைப் பார்க்கப் பழக்கம் இல்லை.

இப்போது இருக்கும் வீட்டு அம்மாவும் யாழ்ப்பாணம்தான். அவர் ஊரைக் கேட்டதும் அடுத்த கேள்வி, "குளிர் ஊரில இருந்து வந்து இந்த வெக்கைய எப்பிடித் தாங்கப் போறாய் பிள்ளை?" அவ்வளவுதான். ஒரு ஃபேனைத் துடைத்துக் கொடுத்தார். அதனால் ஒரு வீட்டில் கதவு மூடினால் அந்த ஊரே அப்படி என்று முடிவு கட்டாதே.

என் அப்பா கொழும்பு வேண்டாம் என்றதற்குக் காரணம் காசு அல்ல. அவர் இளவயசில் புறக்கோட்டையில் ஒரு கடையில் நின்றவர். யுத்த காலம். எங்கே தங்கினாலும் பொலிஸ் பதிவு வேண்டும். தோட்டத்தில் பலருக்கு அடையாள அட்டையே இல்லை. ரவுண்ட்-அப் என்றால் கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே இருப்பார்களாம். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி நகரத்தை விட்டே அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்பா அந்தப் பஸ்ஸில் இல்லை, ஆனால் அந்த வருஷமே ஊருக்கு வந்துவிட்டார், திரும்பப் போகவில்லை. உன் வீட்டிலும் அப்படி ஒரு கதை இருக்கலாம். காசுப் பேச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து கேள். எங்கள் வீட்டில் அதைக் கேட்ட பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

ஆகஸ்ட் 18

இன்றைக்கு வேலையைப் பற்றி மட்டும். நீ எதற்காக வர வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

டேஸ்டிங் ரூமில் நீள மேசை. அதன்மேல் வரிசையாக வெள்ளைப் பீங்கான் கப்புகள். ஒவ்வொரு மாதிரியிலும் 2 கிராமுக்குக் கொஞ்சம் கூட எடுத்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, மூடி, ஐந்தாறு நிமிஷம் விட்டுக் கிண்ணத்தில் வடிக்க வேண்டும். ஊறிய இலையை மூடியின்மேல் கவிழ்க்க வேண்டும். காய்ந்த தூள், ஊறிய இலை, சாயம் (வடித்த தேத்தண்ணி), மூன்றையும் பார்த்துத்தான் ஒரு லொட்டுக்கு, அதாவது ஒன்றாக விற்கும் ஒரு தொகுதிக்கு, மதிப்புப் போடுவார்கள். டேஸ்டர் ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாயெல்லாம் பரவவிட்டு, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். இன்டர்ன் பின்னாலேயே ஓடி எழுத வேண்டும். முதல் வாரங்களில் எனக்கு எல்லாம் ஒரே தேத்தண்ணி. இப்போது புகை ஏறியது, ட்ரையரில் சூடு மிஞ்சியது, வாட்டம் (கொழுந்தை வாட வைப்பது) போதாதது தெரிகிறது.

இது ஊவாவின் காலம், பண்டாரவளை, ஹப்புத்தளை என்று எங்கள் பக்கத்துத் தேயிலையின் காலம். தென்மேற்கு மழையெல்லாம் நானுஓயாவுக்கு அந்தப் பக்கம் பெய்து தீர்ந்து, மலை தாண்டி எங்கள் பக்கம் வரும்போது வெறும் காய்ந்த காற்றுதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்று கொழுந்தை வாட்டி எடுக்கும். அம்மாவுக்கு அது உதடு வெடிக்கிற மாதம், கொழுந்து குறைகிற மாதம், பேர் விழுமா (முழு நாள் சம்பளம் கிடைக்குமா) அரைப்பேராகுமா என்று பயப்படுகிற மாதம். இங்கே மேசையில் அதே மாதத்துக் கோப்பைக்குத் தனி மரியாதை. சாயத்தில் ஒரு குளிர்ந்த மணம் எழும். தசைவலித் தைலங்களில் இருக்கும் மெதில் சாலிசிலேட், காற்றில் வாடும் கொழுந்திலேயே உண்டாகிறது. நோட்ஸில் படித்து சோதனையில் எழுதியதுதான். வாயில் வைத்தபோதுதான் புரிந்தது.

அன்றைக்கு ஒரு லொட் ஊவா மார்க்தான் (மார்க் என்றால் தேயிலை விற்கப்படும் தோட்டப் பெயர்), ஆனால் சாயம் தட்டையாக இருந்தது. ஏன் என்று டேஸ்டர் சும்மா கேட்டார். அந்த வாரம் எங்கள் பக்கம் திடீரென்று மழை, அம்மா போனில் சொல்லியிருந்தார். ஈரக் கொழுந்து, வாட்டத்துக்கு நேரம் பற்றாமல் ரோலருக்குப் போயிருக்கும் என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" அம்மா அங்கே கொழுந்து எடுக்கிறவர் என்றேன். அறையில் ஒரு நிமிஷம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து எங்கள் பக்கத்து டீ மேக்கர்களுக்குக் குறை நிறை சொல்லிப் பேசுவது என் வேலை. தமிழிலும் சிங்களத்திலும்.

ஆகஸ்ட் 20

ஒருவர் கேட்டிருக்கிறார்: இவ்வளவும் குடித்தால் தூக்கம் வருமா? குடிப்பதில்லை, துப்பிவிடுகிறோம். தூக்கத்தைக் கெடுப்பது தேயிலை இல்லை, மேல் மாடியில் நடு இரவில் தேங்காய் துருவுகிறவர்.

செப்டம்பர் 15

இந்தக் கணக்கை எழுதலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 அன்று தொடங்கியது. வாரா வாரம் செவ்வாய், புதன். முன்பு மண்டபத்தில் சத்தம் போட்டுக் கேட்பார்களாம். 2020 ஏப்ரலிலிருந்து எல்லாம் திரையில். ஒரு வாரத்தில் ஐந்து மில்லியன் கிலோ அளவு விற்கிறது. சுத்தியல் சத்தம் கிடையாது. ஒரு லொட் சில வினாடியில் முடிந்துவிடும்.

எங்கள் தோட்டத்து மார்க் திரையில் வந்தது. கிலோ ஆயிரத்து நூறைத் தாண்டிப் போனது. நான் கையில் இருந்த தாளில் போட்டேன்: ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து. அம்மா ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால் நாலு கிலோ தேயிலை. ஏலத்தில் நாலாயிரத்து நானூறு. அம்மாவுக்கு அன்றைய சம்பளம் 1,000. அந்த 1,000 ரூபாய் 2021இல் வந்தது. அதற்கு அடுத்த வருஷம் அரிசி, மா, மண்ணெண்ணெய் என்ன விலைக்குப் போயின என்று சொல்லத் தேவையில்லை. இந்த மே மாதம் 1,700 என்றார்கள், வழக்கில் நின்றது. இந்த மாதம் 1,350 என்று வர்த்தமானி வந்திருக்கிறது.

அன்று மதியம் சாப்பிட முடியவில்லை.

செப்டம்பர் 17

தோட்டக் கந்தோரில் வேலை செய்யும் ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: "நாலாயிரத்து நானூறும் துரை சட்டைப்பைக்குப் போவதுபோல எழுதாதே. உரம், விறகு, கரண்ட், லொறி, ஃபெக்டரி ஆட்கள், ஈபிஎஃப், ஆஸ்பத்திரி, கங்காணி, தரகு, எல்லாம் அதிலிருந்துதான். செலவில் பெரும்பங்கு கூலியே."

சரி. அவர் சொன்ன செலவெல்லாம் உண்மைச் செலவு. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்த பிறகு விளைச்சல் விழுந்ததும் உண்மை. அந்த வருஷம் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டு உற்பத்தி அடுத்த வருஷம் 250 அளவுக்கு வந்தது. கொழுந்து குறைந்தால் ஃபெக்டரிச் செலவு குறையாது. இன்னொன்றும் இங்கே வந்துதான் தெரிந்தது. உயரத்துத் தேயிலைக்குத்தான் விலை அதிகம் என்று ஊரில் எல்லோரும் நம்புகிறோம். ஏலத்தில் சராசரியாக அதிகம் போவது இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை. ஈராக், துருக்கி, ரஷ்யா போன்ற இடங்களில் அந்தக் கறுத்த, முறுக்கிய இலையைத்தான் கேட்கிறார்கள். நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 60 வீதம் அதுதான், அதிலும் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களுடையது.

இவ்வளவும் சொன்ன பிறகும் அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். செலவுப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் விலை ஏறியபோது மூன்று வருஷம் ஏறாமல் நின்றது எது? என் கணக்கில் கூட்டல் கழித்தல் பாக்கி இருக்கலாம். அந்தக் கேள்வி பாக்கி இல்லை.

இந்தப் பேச்சை ஃபெக்டரியில் இருந்துகொண்டு பேச எனக்குத் தெரிந்திருக்காது தங்கச்சி. கொழுந்து மடுவத்தில் தராசு தெரியும், ஃபெக்டரியில் ட்ரையர் தெரியும். விலை கொழும்பில் இருக்கிறது.

செப்டம்பர் 22

ஊரில் இருந்து எழுதுகிறேன். நேற்று ஜனாதிபதித் தேர்தல். இன்று மதியம் வரை ஊரடங்கு, வெளியே போக முடியாது, அதனால்தான் நேரம்.

வாக்குப் போட வந்த கூட்டத்தில் இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை. பஸ் நிறைய எங்கள் ஆட்கள். கடையில் நிற்கிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், கட்டட வேலை, ஹோட்டல் வேலை. எங்கள் டிவிஷன் தம்பி ஒருவன், என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறான். "நீ எங்க நிக்கிற?" என்று கேட்டான். கெம்பஸ் இன்டர்ன்ஷிப் என்று சொன்னேன். "அப்ப சம்பளம் என்னைய விடக் கம்மியா?" என்று ஆச்சரியப்பட்டான். கம்மிதான். அவனுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கடையிலேயே. ஞாயிறு மட்டும் லீவு, அதுவும் தீபாவளி மாதத்தில் கிடையாது. மலையகத்தவர் கொழும்பில் புதியவர்கள் என்று யாரும் எழுத வேண்டாம். இந்த நகரத்தில் நாங்கள் காலம் காலமாக இருக்கிறோம். கதவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் மாற வேண்டும்.

அக்டோபர் 20

தங்கச்சி, உன் செய்தி பார்த்தேன். அட்வான்ஸ் காசு சேரவில்லை, வெள்ளிக்கிழமை ஃபெக்டரிக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறேன் என்கிறாய்.

போடாதே. ஒரு வாரம் தள்ளு. லெக்சரரிடம் நேராகப் போய், கொழும்புக் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன், காசு ஏற்பாடு நடக்கிறது என்று சொல். மறைக்கிற விஷயம் இல்லை இது.

ஃபெக்டரி கேவலம் என்று நான் சொல்லவில்லை. நல்ல டீ மேக்கரிடம் ஆறு மாதம் நின்றால் வாழ்நாளுக்குப் போதுமான தொழில் கிடைக்கும். உனக்கு அதுதான் பிடித்திருந்தால் சந்தோஷமாகப் போ. 42,000 ரூபாய்க்காகப் போகாதே.

அக்டோபர் 23

நேற்று இரவு முழுக்க இதே யோசனை. அட்வான்ஸ் என்பது செலவான காசு இல்லை. அறையை விடும்போது திரும்ப வருகிறது. நான் ஜனவரியில் போகும்போது என் 42,000 என் கைக்கு வரும். அப்படியென்றால் ஒரே காசு பேட்ச் மாறி மாறி ஓடலாம்தானே? தோட்டத்தில் அம்மாக்கள் சீட்டுப் பிடித்தே கல்யாணம், சாவு, ஸ்கூல் சப்பாத்து எல்லாம் சமாளிக்கிறார்கள். படித்த நாங்கள் ஏன் ஒருவர் ஒருவராகத் தனியே திண்டாடுகிறோம்?

எங்கள் கெம்பஸில் படித்து இப்போது கொழும்பில் வேலை பார்க்கும் மலையகத்து அண்ணாமார் அக்காமாருக்கு எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 3

தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தேன். அம்மாவுக்கு என் அலவன்ஸில் ஒரு சேலை. விலையைக் கேட்டுவிட்டு, "இதுக்கு எத்தன கிலோ கொழுந்து?" என்றார். கணக்குப் போடாதீங்கம்மா என்றேன். இருவரும் சிரித்தோம்.

அக்காமார் விஷயம்: ஐந்து பேர் சரி என்றார்கள். ஒருவர் வட்டி எவ்வளவு என்று கேட்டார், அவரைச் சேர்க்கவில்லை. வட்டி கிடையாது, இனாமும் கிடையாது. வாங்குகிற பிள்ளை அறையை விடும்போது அட்வான்ஸை அப்படியே அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். அறைக்கு ஏதாவது சேதம் வந்து வீட்டுக்காரர் கழித்தால் அந்தத் தொகையை மட்டும் மாதம் கொஞ்சமாகக் கட்ட வேண்டும். ஒரு தாளில் எழுதி இரண்டு பேர் கையெழுத்து. இப்போதைக்கு மூன்று பேருக்குப் போதும்.

நவம்பர் 5

பையன்களுக்கும் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. அவர்களுக்கு அறை தேட ஒரு அண்ணா பொறுப்பு எடுத்திருக்கிறார். கொட்டாஞ்சேனை, தெமட்டகொடைப் பக்கம் வெள்ளவத்தையை விடக் குறைவாகக் கிடைக்கிறது.

டிசம்பர் 15

கொழும்புக் கடிதம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. உன் அப்பா பேசினார், நன்றாகப் பேசினார். எங்கள் அப்பாவின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேரும் புறக்கோட்டைக் கதை பேசட்டும்.

ஜூலையில் எழுதியவற்றில் மாறியவை: வாடகை ஜனவரியிலிருந்து 15,000 என்று வீட்டு அம்மா சொல்லிவிட்டார். என் அட்வான்ஸ் உன் பெயருக்கு மாறும்போது 3,000 கூட வேண்டும், அதைக் குழுவின் காசிலிருந்து போட்டுவிட்டோம். அறை நான் இருக்கிற அதே அறை. ரைஸ் குக்கர் போடலாம், அயன் போடக் கேட்க வேண்டும். இரவு எட்டரைக்குள் கேட்டுக்குள் வந்துவிட வேண்டும். ஏல வாரத்தில் பிந்தினால் முன்பே போன் பண்ணு, அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்.

சிங்களம் பேச வராது என்று கவலைப்பட்டாய். ஆஃபிஸில் கணக்கும் ரிப்போர்ட்டும் இங்கிலிஷ், பேச்சு பெரும்பாலும் சிங்களம். இந்த ஒன்றரை மாதமும் தினமும் யாரோடாவது பேசு. பதுளையில் பஸ் ஏறினாலே வாய்ப்புதான். தவறாகப் பேசினால் திருத்துவார்கள். பேசாமல் இருந்தால் உன்னை மறந்துவிடுவார்கள்.

பெப்ரவரி, மார்ச் என்பது டிம்புள்ளயின் காலம். தலவாக்கலை, ஹட்டன் பக்கத்துக் கோப்பைகள் மேசையில் நிறைய வரும். நான் ருசிக்காத பருவம் அது. குறிப்பெடுத்து எனக்கு அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமையே வந்துவிடு. திங்கள் காலை நெரிசலில் முதல் முறையாக ரயில் ஏற வேண்டாம். ஞாயிறு வெள்ளவத்தையிலிருந்து கொம்பனித்தெரு வரை ஒருமுறை போய், ஆஃபிஸ் வாசல் வரை நடந்து பார்த்துவிட்டு வா. ஸ்வெட்டரைக் கொண்டு வா, டேஸ்டிங் ரூமில் ஏசி. அட்வான்ஸுக்கு வீட்டு அம்மாவிடம் உன் பெயரில் புதிய ரசீது வாங்கு, ஒரு போட்டோ எடுத்துக் குழுவில் போடு.